மதியத்தில் தூங்கிய கவச வண்டி

பெண்களை எஞ்சின் பக்கத்தில் விடும் ஊரைத் தேடித்தான் நான் புனேக்கு வந்தேன் என்று என் கணவர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்வார். சுத்தப் பொய். கல்யாணமாகி அவர் பின்னால் வந்தேன், அவ்வளவுதான். அவருக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. விமான் நகர் அப்போது பாதி பொட்டல், பாதி புதுக் கட்டடம். அதில் ஒரு மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. அவர் சென்னைக்காரர். இந்தி அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. கத்திரிக்காய் வாங்கப் போய், கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சுரைக்காயோடு திரும்பி வருவார். நான் கோயம்புத்தூர்க்காரி. கையில் ஒரு மெக்கானிக்கல் டிகிரி இருந்தது, சும்மா உட்கார முடியாத சுபாவம் இருந்தது, கூடவே ஒரு வாயும் இருந்தது. அந்த வாயை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பயந்து அவரேதான் என்னை வேலைக்கு அனுப்பினார் என்பது என்னுடைய கட்சி.

புனேயை ஒட்டிய போசரியில் லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் ரேடியேட்டர் செய்கிற கம்பெனி அது. முதலாளி மராத்திக்காரர், தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, யார் எதைக் கேட்டாலும் "செய்துவிடலாம்" என்று சொல்லிவிடுவார். அப்படித்தான் ராணுவத்திடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். சிப்பாய்களை உள்ளே உட்காரவைத்துக்கொண்டு பாலைவனத்தில் ஓடுகிற கவச வண்டி ஒன்று. அதன் எஞ்சினைக் குளிரவைக்கும் மொத்த ஏற்பாடும் எங்கள் தலையில். ரேடியேட்டரை அவர் பார்த்துக்கொண்டார். எண்ணெய்க் குழாய்களை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஃபேன் மிஞ்சியது. அதைத் தொட யாருக்கும் தைரியமில்லாததால் அது எனக்கு வந்தது.

தைரியமில்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது. லாரிக்கு முகம் திறந்திருக்கும், ஓடினால் காற்று தானாக வந்து எஞ்சினில் அடிக்கும். கவச வண்டிக்கு முகமே இரும்பு. காற்று உள்ளே வரவேண்டும், குண்டு வரக்கூடாது. அதனால் மேல்பக்கத்தில் சின்னச் சின்னச் சந்துகள் மட்டும் விட்டுவைப்பார்கள். அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளுவது ஃபேனின் வேலை. அதைப் பெரிதாகச் செய்தால் எஞ்சினின் பலத்தில் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும், வண்டி மணல்மேட்டில் ஏறாது. சிறிதாகச் செய்தால் எஞ்சின் கொதிக்கும். இதற்கு மேல் ராணுவத்துக்கு வேறு ஆசைகளும் இருந்தன. பனிமலையில் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆக வேண்டும், பாலைவன வெயிலில் நிற்காமல் ஓட வேண்டும், நடுவில் ஆறு வந்தால் நீந்த வேண்டும். எங்கள் ஊரில் ஒற்றைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

ஒரு வருஷம் போல மண்டையை உடைத்துக்கொண்டு நான் ஒரு ஃபேன் செய்தேன். இறக்கைகளின் வளைவு முழுக்க என்னுடையது. அளவில் சின்னது, ஆனால் நல்ல உழைப்பாளி. அதன் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். முதல் முறை அதைக் கையில் வாங்கியபோது மடியில் வைத்துக்கொண்டே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

அதைச் சோதித்தது போசரியில் இல்லை. போபோடியில் முதலாளிக்கு அப்பா வழியில் வந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் ஒரு தகரக் கொட்டகை. கவச வண்டியின் பின்பக்கம் போலவே ஓர் இரும்புப் பெட்டி செய்து, அதற்குள் எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், என் ஃபேன் எல்லாவற்றையும் உட்காரவைத்து அங்கே ஓட்டுவோம். வண்டி நகராது. எஞ்சின் மட்டும் மணல்மேட்டில் ஏறுவதாக நினைத்துக்கொண்டு கத்தும். கொட்டகையை ஒட்டின சுவர் காகாவின் சுவர்.

காகா என்றால் மராத்தியில் சித்தப்பா, பெரியப்பா எல்லாம்தான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காகூ. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவருடைய கேட்டில் மூன்று அறிவிப்புப் பலகைகள் தொங்கும். நான் மராத்தி படிக்கக் கற்றுக்கொண்டதே அவற்றில்தான். "அழைப்பு மணியை ஒரு முறை அழுத்தினால் கேட்கும். இரண்டு முறை அழுத்தினால், கேட்டும் வரமாட்டோம்" என்றது ஒன்று. கொய்யா மரத்தில் தொங்கியது இரண்டாவது: "காய்களை எண்ணி வைத்திருக்கிறோம். நீங்களும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம்." மூன்றாவது எங்கள் கொட்டகையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "மதியம் ஒன்று முதல் நான்கு வரை இங்கே மனிதர்கள் தூங்குகிறார்கள். மற்றவர்கள் மன்னிக்கவும்."

புனேயில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடைக்காரர்களே கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஊர் வழக்கம். அதை மீறுகிறவர்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எங்கள் முதலாளியும் அந்த ஊர்க்காரர்தானே, காகாவின் பலகை அவருக்கு நியாயமாகப் பட்டது. அதனால் எங்கள் எஞ்சின் காலையில் ஓடும், ஒரு மணிக்கு நிற்கும், நான்கு மணிக்கு மேல் திரும்ப ஓடும். கொட்டகையைக் கவனித்துக்கொண்டது போபோடியிலேயே பிறந்த ஒரு ஃபிட்டர் அண்ணன். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பக்கத்து ஊரான கட்கிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அந்த வீட்டில் வேலூர்த் தமிழும் புனே இந்தியும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"மேடம், காகா வெளிய வந்து நின்னுக்கினு கீறாரு. காடிய பந்த் பண்ணிடலாமா?" என்பார்.

"ஒரு மணி ஆக இன்னும் நேரமிருக்குதுங்களே அண்ணா?"

"அவரு கடியாரத்துல ஆயிட்ச்சாம்."

அவருக்கு வண்டி காடி, நிறுத்துவது பந்த். பந்த் செய்துவிடுவோம். ராணுவம் இத்தனை மணி நேரம் ஓட்டிக் காட்டு என்று கேட்டிருந்தது. நாங்கள் காலையையும் மாலையையும் கூட்டிக் காட்டினோம். ஒரு நாள்கூட எஞ்சின் கொதிக்கவில்லை. முதலாளி எல்லோருக்கும் பேடா கொடுத்தார்.

மே மாதம் வண்டி ராஜஸ்தானுக்குப் போனது. நானும் முதலாளியும் ஃபிட்டர் அண்ணனும் கூடப் போனோம். அங்கே அடித்த வெயிலைப் பற்றி நான் என்ன சொல்ல, கையில் வைத்திருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தேன். காலையில் வண்டி சிங்கக்குட்டி மாதிரி ஓடியது. மணல்மேடுகளில் ஏறி இறங்கியது. ஓட்டிய சிப்பாய் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பதினொன்று, பன்னிரண்டு ஆனது. ஒரு மணி வாக்கில் டிரைவர் முன்னாலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் கொதித்துப்போய் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நாலு மணிக்குத் தட்டினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது. மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும் இதேதான்.

சோதனையை நடத்திய மேஜர் நல்ல மீசைக்காரர். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இந்த வண்டி எந்த ஊரில் தயாரானது?" என்று இந்தியில் கேட்டார்.

"புனேயில்" என்றேன்.

"அதானே பார்த்தேன். மதியச் சாப்பாடு ஆனதும் படுத்துக்கொள்கிறது."

சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். எங்கள் முதலாளியும் சிரித்தார், மரியாதைக்காக. எனக்கு வந்த கோபத்தில் அந்த மீசையைப் பிடித்து ரேடியேட்டரில் செருகியிருப்பேன். மேஜர் கடைசியில் சொன்னது இதுதான்: "ஃபேன் போதாது. அடுத்த கோடையில் இன்னொரு வாய்ப்பு தருகிறோம். அப்போதும் தூங்கினால், உங்களுக்கும் எங்களுக்கும் வேலையில்லை."

திரும்பும் ரயிலில் முதலாளி, ஃபேனைப் பெரிதாக்கிவிடலாம் என்றார். என் ஃபேன் போதாது என்று ஒருவர் சொல்லி, அதை இன்னொருவர் ஒப்புக்கொண்டதை என்னால் விழுங்க முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மேஜரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். புனே எஞ்சினாம், படுத்துக்கொள்கிறதாம். திட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது, அந்த மனிதர் சொன்னது கேலி இல்லை, அப்படியே உண்மை. எங்கள் கொட்டகையில் அந்த எஞ்சின் தினமும் ஒரு மணிக்குத் தூங்கி நாலு மணிக்குத்தான் எழுந்தது. தூங்காமல் ஒரு நாள் முழுக்க அதை நாங்கள் ஓட்டியதே இல்லை. ஒரு மணிக்கு மேல் அதற்குள் என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"கியர்பாக்ஸ் எண்ணெய்தானுங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். எஞ்சின் தண்ணீர் சட்டென்று சுட்டுச் சட்டென்று ஆறும். எண்ணெய் மெதுவாகச் சூடேறும், மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இட நெருக்கடியால் எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டியிருந்தோம். அங்கே மாட்டச் சொன்னது முதலாளிதான். மதியத்துக்குள் எண்ணெய் நன்றாகச் சுட்டுவிட்டால், அதைத் தொட்டு வரும் காற்றும் சுட்டுப்போய்த்தான் ரேடியேட்டருக்குள் போகும். ஒருவர் குளித்த தண்ணீரில் இன்னொருவர் குளிப்பது போலத்தான் அது. அதற்கு ஃபேன் என்ன செய்யும்?

"நிரூபித்துக் காட்டு, மாற்றிவிடலாம்" என்றார். வழக்கம்போலச் "செய்துவிடலாம்" என்பதில் ஒரு வகை.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் அன்றைக்கென்று மட்டன் குழம்பு வைத்து, தரையெல்லாம் கூட்டி, சந்தேகப்படும் அளவுக்கு நல்லவராக இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் விஷயம் வந்தது. அவர் கம்பெனி அடுத்த வருஷம் சென்னையில் கிளை திறக்கிறது. அதை இவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அடுத்த மே முடிவதற்குள் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். பெசன்ட் நகரில் அவர் அம்மா தனியாக இருக்கிறார். மாடி அறை காலியாகக் கிடக்கிறது. கடல் நடக்கிற தூரம். கடைக்காரர் தமிழில் திட்டுவார்.

"உனக்குப் பிடிக்கலைன்னா வேணாம்மா" என்றார். முகத்தில் மட்டும் ஆசை எழுதி ஒட்டியிருந்தது.

சென்னைப் பக்கம் சர்க்கார் டாங்கித் தொழிற்சாலையே இருந்தாலும், அங்கே கவச வண்டிக்கு வெளியாளான என்னை யாரும் ஃபேன் செய்யக் கூப்பிடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தோம்.

"அடுத்த மே மாசம் என்ற ஃபேன் பாஸ் ஆச்சுன்னா இங்கயே இருக்கலாமுங்க. ஆகலீன்னா நானே பெட்டி கட்டறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றேன்.

"நீ ஒரு வார்த்தை பேசாம இருப்பியா?"

"பேச்சை மாத்தாதீங்க."

"சரி. பாஸ் ஆனா இங்க, ஃபெயில் ஆனா அங்க" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் வந்ததும், "உன் புள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்பார். ஃபேனைத்தான். அது தோற்றால்தான் அவருக்கு நல்லது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. அப்படியும் அவர் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை.

இப்போது மதியம் எஞ்சின் ஓட வேண்டும். காகாவிடம் யார் பேசுவது? ராணுவத் தளபதி முன்னால் நின்று "செய்துவிடலாம்" என்று சொன்ன முதலாளிக்குக் காகாவின் கேட்டைத் தொடத் துணிவில்லை. "நீ பேசு, பெண்பிள்ளை என்றால் திட்டமாட்டார்" என்றார். ஃபிட்டர் அண்ணன், "டென்ஷன் மத் லோ மேடம், கவலப்படாதீங்க, நா உங்க பின்னாடியே வரேன்" என்றார். சொன்னபடியே ரொம்பப் பின்னாடி வந்தார், கொய்யா மரத்தோடு நின்றுவிட்டார்.

மணியை ஒரே ஒரு முறை அழுத்தினேன். காகா வந்தார். முழுவதையும் கேட்டார். என் மராத்தியில் நான்கு தப்புகளைத் திருத்தினார். பிறகு, முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாற்பது வருஷம் ரயில் பக்கத்தில் தூங்கினவருக்கு எங்கள் எஞ்சின் ஆகவில்லையாக்கும்" என்று வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன். கதவு மறுபடி திறந்தது.

"ரயில் வரும், போய்விடும். உங்களுடையது போவதே இல்லை" என்றார் காகா. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

காகூதான் பின்வாசல் வழியாக வந்து சொன்னார். காகா சிக்னல் கேபினில் ராத்திரி டியூட்டி பார்த்தே காலத்தைத் தள்ளியவர். ரிட்டையர் ஆகியும் உடம்பு மாறவில்லை. ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார். இருபத்துநாலு மணி நேரத்தில் அவர் கண்ணை மூடுவது அந்த மூன்று மணி நேரம்தான். அதுவும் போனால் மனிதர் என்ன ஆவார் என்றார் காகூ. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஃபேனை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, அந்த மனிதரின் தூக்கத்தில் கை வைக்கவும் மனசில்லை.

அப்படி நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எந்தத் துணிச்சலில் சொன்னேன் என்று தெரியவில்லை. "எங்கள் வீடு பகலில் காலியாகத்தான் கிடக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து தூங்குங்கள். கம்பெனி வண்டி கொண்டுபோய்விட்டு, சாயங்காலம் கூட்டி வந்துவிடும்" என்றேன். காகூ சிரித்தார். ஆனால் மறுநாள் காகாவிடமிருந்து பதில் வந்தது, தலையணையை அவரே கொண்டு வருவார் என்று.

புனேயில் மழை முடிந்ததும் அக்டோபரில் ஒரு வெயில் அடிக்கும், மே மாதத்துக்குப் போட்டியாக. அந்த அக்டோபரில்தான் ஓட்டினோம். முதல் நாள் காகாவும் காகூவும் தலையணையோடு வேனில் ஏறிப்போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது, எங்கள் வீடு இருப்பது விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அதுவும் வெறும் பயணி விமானம் இல்லை. போர் விமானங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும், ஜன்னல் கண்ணாடி அதிரும். டீசல் எஞ்சின் சத்தத்துக்குப் பயந்த மனிதரை ஜெட் எஞ்சினுக்கடியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டேன்.

சாயங்காலம் காகா வேனிலிருந்து இறங்கியபோது நான் ஃபிட்டர் அண்ணனுக்குப் பின்னால் நின்றேன்.

"விமானம் பரவாயில்லை. வருகிறது, போய்விடுகிறது" என்றார். "ஆனால் உன் வீட்டுக் கூரை ஃபேன் கடகடவென்று கத்துகிறது. நீ ஃபேன் எஞ்சினியர்தானே?"

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என் கணவருக்குக் காய்ச்சல். அவரை ஆபீஸிலிருந்து பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காகா கட்டிலில் தூங்குவார் என்று அவரிடம் நான் சொல்லியிருந்தேன். காகாவிடம் என் கணவர் எப்படி இருப்பார் என்றுதான் யாரும் சொல்லியிருக்கவில்லை. கதவைத் திறந்த காகாவிடம் இவர் தன் இந்தியில் ஏதோ சொல்லியிருக்கிறார். அது என்ன என்று இன்று வரை அவருக்கும் தெரியாது. காகா கைக்கடிகாரத்தைக் காட்டி, நாலு மணிக்கு மேல் வா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அவர் ஆபீஸிலிருந்து விஷயத்தைப் போனில் சொல்லி நான் ஓடி வந்தபோது மனிதர் படிக்கட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, உள்ள போகலீங்களா?"

"நாலாகலை" என்றார்.

உள்ளே கூட்டிப்போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சூடாக ஒரு வாய் குடித்துவிட்டு, "உன் புள்ளை எப்படி இருக்கான்?" என்றார்.

பிள்ளை நன்றாக இருந்தான். நான் சொன்னபடியேதான் நடந்தது. பதினொன்றுக்கு மேல் எண்ணெயின் சூடு மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்யாமல், ஏறிக்கொண்டே போனது. ஒரு மணி தாண்டியதும் அது எஞ்சினையும் கொதிக்கவைக்கும் அளவு சுட்டுவிட்டது. அதைத் தொட்டு வந்த காற்றைத் தொட்டுப் பார்த்த முதலாளி கையை எடுத்துக்கொண்டார். ஃபேன் பாவம், தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. "கூலரை இங்கே மாட்டச் சொன்ன முட்டாள் யார்?" என்று முதலாளி கேட்டார். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

கூலருக்குத் தனிச் சந்து விட்டு, அதைப் பக்கவாட்டில் மாற்றி, எல்லாவற்றையும் இடித்துக்கட்டுவதற்குள் குளிர்காலம் போய்விட்டது. ஃபேனின் அளவில் ஒரு நூல்கூடக் கூட்டவில்லை. அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மே வந்தது. இந்த முறை கம்பெனியிலிருந்து ஓர் ஆள்தான் வரலாம் என்று ராணுவம் சொல்லிவிட்டது. கழற்றி மாட்டத் தெரிந்தவர் போவதுதான் நியாயம். ஃபிட்டர் அண்ணன் போனார். நான் போசரியில் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொஞ்ச நாளில் நான் யாரையெல்லாம் கடித்தேன் என்று கணக்கே இல்லை. டீ கொண்டு வருகிறவர் கப்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் ஃபிட்டர் அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழைத்தார்.

"மேடம், காடி தூங்கல."

"ஒரு மணிக்குங்களா?"

"ஒண்ணுக்கும் தூங்கல, நாலுக்கும் தூங்கல. தினமும் சூரியன் போறவரிக்கும் ஓட்னாங்க. ஆஜ் கதம், இன்னியோட முட்ஞ்சிச்சு. மேஜர் சாப் உங்களாண்ட சொல்லச் சொன்னாரு, ஃபேன் நல்லா கீதாம்."

போனை வைத்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமுக்குப் போனேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து முதலாளியிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். "பாஸா?" என்று கேட்டார். "பாஸுங்க" என்றேன். ஒரு நொடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரி. கிளம்பு, வெளிய சாப்பிடலாம்" என்றார். நான் ரவா தோசை மூன்று சாப்பிட்டேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

அது மூன்று வாரம் இருந்தது. பிறகு முதலாளி ஒருநாள் டில்லியிலிருந்து திரும்பி, நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருகிற வழக்கமே இல்லை. மேலே முடிவு செய்துவிட்டார்களாம். எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் ஒரே செட்டாக வெளிநாட்டிலிருந்து வரப்போகிறதாம். நம்முடையதில் குறை ஒன்றுமில்லையாம். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்களாம்.

"உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஜெனரேட்டருக்கு இந்த ஃபேனையே கொஞ்சம் மாற்றிப் போடலாம்" என்றார். அந்த மனிதரும் என்ன செய்வார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியில் சிக்னலில் யாரோ ஹாரன் அடித்ததற்கு நான் திட்டிய திட்டு முழுக்கக் கோயம்புத்தூர்த் தமிழ். அவருக்குப் புரியாதது அவருடைய அதிர்ஷ்டம்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன். ஜெனரேட்டருக்கு ஃபேன் சுற்றவா ஒரு மனிதரை அவர் ஊரை விட்டு, அம்மாவை விட்டு இங்கே பிடித்து வைத்திருப்பது? வண்டியே இல்லாத ஃபேன் பாஸானால் என்ன, ஃபெயிலானால் என்ன? அவர் வந்தபோது பாதிப் பெட்டி நிரம்பியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். "மே முடிஞ்சு கொஞ்ச நாள்தானே ஆச்சு, கேட்டுப் பாருங்க. சென்னைக்கே போயிடலாமுங்க" என்றேன்.

அவர் ஷூவைக் கழற்றாமலேயே கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஃபேன் பாஸா, ஃபெயிலா?"

"அதான் சொல்றனே, அவங்க எடுத்துக்கல."

"அதைக் கேக்கலம்மா. பாஸா, ஃபெயிலா?"

"பாஸுதான்."

"அப்புறம் எதுக்குப் பெட்டி? எவன் வண்டியில மாட்டுவான்னெல்லாம் நம்ம பேச்சுல இல்லையே" என்றார். "நீ போன் வந்ததுன்னு சொன்னியே, அதுக்கு மறுநாளே நான் சென்னை வேணாம்னு சொல்லிட்டேன். வேற ஒருத்தன் போயாச்சு."

தோற்றுத் திரும்பிய முதல் மே மாதத்தில்கூட நான் அழவில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொரு புடவையாக எடுத்து பீரோவில் வைத்தார். எல்லாவற்றையும் தலைகீழாக வைத்தார்.

"அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. அவங்க மாடி ரூமுக்கு வெள்ளை அடிச்சு வச்சிருக்காங்களாம். மூணு வாரமா போன்ல அதைத்தான் சொல்றாங்க. எனக்கு வாய் வரலை."

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. நான் சொல்றேன்."

மூக்கைச் சிந்திவிட்டு, டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு பெசன்ட் நகருக்கு எண்களைச் சுழற்றினேன். அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். மறுமுனையில் மணி அடித்தது. அத்தை எடுத்தார், என் குரலைக் கேட்டதும் நான் பேசுவதற்கு முன்னாலேயே கேட்டார்:

"சொல்லும்மா, என்னிக்குக் கிளம்பறீங்க?"